புரியாதவருக்கு நாற்காலி

அந்தச் சிறிய பள்ளியில் இருந்தது ஒரே ஒரு சுழல் நாற்காலி. பாடம் புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்பவருக்குத்தான் அதில் உட்காரும் உரிமை. மற்ற எல்லோருக்கும், தலைமையாசிரியர் தாணு உட்பட, பாய்தான். பழைய பள்ளியில் மக்கு என்று பெயர் வாங்கி வந்த இசக்கி, இங்கே சேர்ந்த நாளிலிருந்து எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள். "இங்கயும் வாயத் தொறக்கலயே. மில்லு வேலைக்காவது போகட்டும்" என்று அவளைக் கூட்டிப்போக வந்த அப்பா, அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வகுப்பு வாசலில் நின்றார்.

பியூலா மிஸ் கணக்கை முடித்துவிட்டுத் திரும்பினார்.

"மைனஸை மைனஸால பெருக்குனா பிளஸ் எப்படி மிஸ் வரும்? எனக்குப் புரியல" என்றாள் இசக்கி.

"சார், நாற்காலி!" என்று மிஸ் போட்ட சத்தத்தில் தாணு சார் அதைத் தடதடவென்று உருட்டிக்கொண்டு ஓடிவந்தார். சமையல்கார கோமதி கரண்டியோடு வந்து நின்றாள். "ஏட்டி, யாரு சொன்னது? நம்ம இசக்கியா?"

"அவளேதான்க்கா!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

இசக்கி ஏறி உட்கார்ந்தாள். பியூலா மிஸ் விளக்க ஆரம்பித்தார். தாணு சார் முதுகைத் திருப்பிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து, "திரும்புனது ஒரு மைனஸ், பின்னால நடந்தது ஒரு மைனஸ். பாரு, முன்னாலதானே வந்துட்டேன்!" என்று சுவரில் இடித்துக்கொண்டார்.

"கெளம்பு பிள்ள, பஸ் போயிரும்" என்றார் அப்பா.

இசக்கி பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்கப்பா. இன்னும் புரியல."