பதினோரு நிமிடம்

'கணினி ஜோதிடச் சக்கரவர்த்தி' பூவராகனின் பழைய டாஸ் மென்பொருளைப் புது விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஓடவைக்க, ரிப்பேர் கடை மெர்சி வந்திருந்தாள். வெளியே ஒரு குடும்பம் ஜாதகங்களோடு காத்திருந்தது. "ஓடுது சார்" என்று அவள் பொத்தானை அழுத்தினாள். கண் இமைப்பதற்குள் பத்துப் பொருத்தமும் திரையில் வந்து நின்றன. பூவராகனுக்கு வியர்த்துவிட்டது.

"என்னம்மா இப்படிப் பறக்குது? பழசுல பதினோரு நிமிஷம் ஆகும்."

"நல்லதுதானே சார்?"

நல்லதா? அந்தப் பதினோரு நிமிடமும் அவர் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருப்பார். தியானம் என்று நம்பி, எதிரே இருப்பவர்கள் வீட்டு ரகசியங்களைக் கிசுகிசுப்பார்கள். கண் திறந்ததும் அதையே கிரகங்களின் தலையில் போட்டுச் சொல்லுவார். இருபத்தைந்து வருடப் பேர் அதில்தான் நின்றது.

"பழைய வேகத்துக்கே இறக்கிடும்மா. கிரகத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்குல்ல?"

மெர்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு விசைகளைத் தட்டினாள். "சனி பகவான் ஸ்பீடுக்கு வந்தாச்சு சார்." காத்திருக்கப் போகிறவர்களை நினைத்தால் அவளுக்கே பாவமாக இருந்தது. சிக்னலே எட்டாத அந்த உள்ளறையில் வைஃபை வைத்து, பாஸ்வேர்டை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனாள்.

குடும்பம் உள்ளே வந்து உட்கார்ந்தது. பூவராகன் கண்ணை மூடினார். மூன்று நிமிடமாயிற்று. ஒரு முணுமுணுப்புகூட இல்லை. ஒற்றைக் கண்ணை லேசாகத் திறந்தார். அப்பா, அம்மா, பெண், மூன்று தலையும் செல்போனில் கவிழ்ந்திருந்தன. திரையில் சந்திரன் அடுத்த கட்டத்துக்கு நகர்வதாகக் காணோம்.