குலுக்கக் கூடாது

ரத்த வங்கி மேசையில் சோதனைக் குழாயை மறுபடியும் சாய்த்தாள்.

குழாயின் அடியில் படிந்திருந்த சிவப்புப் பொட்டு புகையாய்க் கலையவில்லை. மணல்போல் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

மாடியில் முத்துச்செல்வி. மூன்றாவது பிரசவம். நஞ்சுக்கொடி வழியை மறித்துக் கிடக்கிறது. கத்தி வைத்தால் ரத்தம் கொட்டும். ஏற்றுவதற்கு ரத்தம் தயாராக இருக்க வேண்டும்.

அவளுக்கு ஓ பாசிட்டிவ். ரத்தப் பையிலும் ஓ பாசிட்டிவ்.

ஆனாலும் சேரவில்லை. சேர்ந்திருந்தால் பொட்டு புகையாய்க் கலைந்திருக்கும்.

முந்தைய பிரசவங்களில் பிள்ளையின் ரத்தம் ஒரு துளி தாய்க்குள் கசிந்திருக்கும். தன்னிடம் இல்லாத ஏதோ ஓர் அடையாளத்தை உடம்பு அதில் பார்த்துவிட்டது. அதைப் பிடிக்கவென்றே எதிர்ப்பொருளைச் செய்து வைத்திருக்கிறது. இந்தப் பையின் சிவப்பணுக்களிலும் அதே அடையாளம். எதிர்ப்பொருள் போய்க் கவ்விக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாது. கூம்ஸ் மருந்தை இரண்டு சொட்டு விட்டால், கவ்வியவற்றை அது ஒன்றோடொன்று கோத்துவிடும். அப்போதுதான் மணல்.

லேசான கோப்பு. குலுக்கினால் அறுந்துவிடும்.

உடம்புக்குள் போனால் அந்த அணுக்கள் நொறுங்கும். சிறுநீரகம் நின்றுபோகும்.

"குடும்மா இங்க."

மூத்த டெக்னீஷியன் பொன்னுரங்கம் குழாயை வாங்கிப் படபடவென்று குலுக்கினார். மணல் காணாமல் போயிற்று.

"பாரு, ஒண்ணுமில்ல. புஸ்தகத்துல படிச்சதையெல்லாம் குழாய்க்குள்ள தேடாத. கையெழுத்தப் போடு."

"மாட்டேன் சார்."

தொலைபேசி அடித்தது. தியேட்டரிலிருந்து டாக்டர். "ரெண்டும் ஒரே குரூப்தானே? அப்புறம் என்ன ஆராய்ச்சி?"

"முக்கால் மணி நேரம் கத்தியத் தொடாதீங்க டாக்டர்."

வைத்துவிட்டாள்.

அதே பையிலிருந்து இன்னொரு குழாய். வேறு நான்கு பைகளிலிருந்து நான்கு. முத்துச்செல்வியின் சீரத்தோடு கலந்து வெதுவெதுப்பில் வைத்தாள். கழுவினாள். மருந்து விட்டாள். சுழற்றினாள்.

முதல் குழாயை அவரிடம் நீட்டினாள்.

"நீங்களே சாய்ச்சுப் பாருங்க. குலுக்கக் கூடாது."

தயங்கி வாங்கினார்.

சாய்ப்பதற்கு முன்பே பொட்டு கலைந்துவிட்டது.

விரல்கள் நடுங்கின. இன்னொரு கையால் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தார். நிற்கவில்லை.

குலுக்குகிற கையில் நடுக்கம் தெரியாது.

அவள் மற்ற குழாய்களை ஒவ்வொன்றாகச் சாய்த்தாள். மணல். மணல். மூன்றாவது, புகை. நான்காவதும் புகை.

அந்த இரண்டு பைகளுக்கும் கையெழுத்திட்டு மாடிக்கு அனுப்பினாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கைகள் வெள்ளைக் கோட்டின் பைகளுக்குள்.

"தை மாசம் ரிட்டயர்மெண்ட்மா," என்றார்.

அவள் அலமாரியைத் திறந்து, அவர் கையெழுத்திட்டு ரத்தம் அனுப்பிய பதிவேடுகளை எடுத்துவந்து மேசையில் வைத்தாள்.

"எந்த மாசத்துல இருந்து நடுங்குது சார்?"