என்ன கலரு?

காசநோய் மாத்திரை தொடங்கி இரண்டு மாதமாகியும் கொம்பையாவின் எடை ஒரு கிலோகூட ஏறவில்லை, இருமலும் குறையவில்லை. தினமும் காலையில் மாத்திரையைக் கையில் கொடுத்து, அவர் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்த பிறகுதான் அவர் மனைவி பேச்சியம்மாள் பீடி சுற்ற உட்காருவாள். பிறகும் ஏன் இப்படி?

"அவரு ஒண்ணுக்குப் போனா என்ன கலரு?" என்று பேச்சியம்மாளிடம் கேட்டாள் ஆஸ்பத்திரி நர்ஸ்.

"அத நான் எதுக்கு சிஸ்டர் பாக்கேன்?"

"பாருங்க. அந்தச் செவப்பு மாத்திரையோட சாயம் ரத்தத்துல கலந்து, அந்த வழியாத்தான் வெளிய வரும். உள்ள போயிருந்தா ஆரஞ்சு. போகலன்னா எப்பவும்போலதான்."

மறுநாள் மாத்திரை கொடுத்த பிறகு, பேச்சியம்மாள் கழிப்பறைக் கதவைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். எப்போதும்போலத்தான் இருந்தது. மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக் கொல்லையில் துப்பியிருக்கிறார்.

"வெறும் வயித்துல போட்டா கொமட்டுது, ஏட்டி" என்று தலைகுனிந்தார் கொம்பையா.

நர்ஸிடம் கேட்டுக்கொண்டு, இரண்டு இட்லி தின்னவைத்த பிறகு மாத்திரையைக் கொடுத்தாள். வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள். பத்து மணிக்குக் கழிப்பறையிலிருந்து குரல் வந்தது.

"ஏட்டி, ஆரஞ்சு!"