சீம்பால்

தொழுவத்தில் இருந்தவர்கள்: காலையில் பிறந்த கன்று, அதை ஈன்ற பசு, கனகவல்லி, அவளுடைய மாமனார், சாயங்காலம் வந்து சேர்ந்த மாட்டு டாக்டர். வெல்லம் போட்டுக் காய்ச்சிய சீம்பாலை அவள் டாக்டரிடம் நீட்டினாள்.

“கன்னு குடிச்சுதா?”

“நஞ்சுக்கொடி விழுந்தப்புறம்தான் குடிக்கணும்னு மாமா கட்டிப்போட்டாரு. இப்பத்தான் விழுந்துச்சு.”

“காலையிலேர்ந்தா? பொறக்கறப்ப இதுக்கு நோயெதிர்ப்பே கிடையாதும்மா. சீம்பால்லதான் வரும். நேரமாக ஆகக் குடல் அதை ஏத்துக்காது. மடியில மிச்சமிருக்கா?”

“எல்லாத்தையும் கறந்து காய்ச்சிட்டோமே.”

கனகவல்லியின் வாயில் அந்தச் சீம்பாலில் ஒரு கவளம் இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மாமனார் கிண்ணத்தை வழித்துக்கொண்டே இருமினார். “நான் வளக்காத கன்னா? இன்னுங் கொஞ்சம் ஊத்தும்மா.”

“தள்ளி நின்னு இருமுங்க பெரியவரே. நோயெதிர்ப்பு கன்னுக்கு இன்னும் வரல, உங்களுக்கு வயசுல வத்திப்போச்சு.”

அவரை ஒருநாளும் எதிர்த்துப் பேசாத கனகவல்லி, கிண்ணத்தைப் பிடுங்கினாள். அவரைக் கன்றிடமிருந்து விலக்கி வெளியே தள்ளி, தொழுவத்துக் கதவைச் சாத்தி உள்பக்கம் தாழிட்டாள்.