விலை படியாத கிதார்

“பொறுப்புன்னா என்னன்னே தெரியாத பயங்க அவன்! வீட்டை விட்டுப் போனவன் இந்தச் சனியனையும் கையோட தூக்கிட்டுப் போயிருக்கக் கூடாதா? வருஷக்கணக்கா பீரோ மேல படுத்துக் கெடக்கு. அப்பன்னு ஒருத்தன் இருக்கானே, எப்படி இருக்கான்னு ஒரு நாள் விசாரிச்சிருப்பானா?”

என் கடைக்குள் காலை வைக்கும்போதே கத்திக்கொண்டுதான் வந்தார் அந்த ஜவுளிக்கடைக்காரர். பின்னாலேயே அவர் மனைவி. பழைய போர்வையில் சுற்றிய எலெக்ட்ரிக் கிதாரைக் கைக்குழந்தை மாதிரி ஏந்தியிருந்தார்.

“விசாரிக்கிறான். வாராவாரம் என்கிட்ட விசாரிக்கிறான்” என்றார் அந்த அம்மா.

“ஏன், என்கிட்டப் பேசினா வாய் வெந்துடுமாமா?”

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். “பாத்தீங்களா? தினமும் இதே பாட்டுதான். பீரோவைத் திறக்கும்போது ஒரு திட்டு, மூடும்போது ஒரு திட்டு. எனக்குக் காது புளிச்சுப்போச்சு. வித்துத் தலைமுழுகிடுங்கன்னு நான்தான் இழுத்துட்டு வந்தேன்.”

பழைய எலெக்ட்ரிக் கிதார்களைச் சரிசெய்து விற்பது என் தொழில். பரண், கார் ஷெட், பழைய இரும்புக் கடை என்று எங்கே அநாதையாகக் கிடந்தாலும் தூக்கிவந்து பாட வைத்துவிடுவேன். இந்தக் கடையே நான் பேரம் பேசிச் சம்பாதித்தது. என்னிடம் வாயடித்து ஜெயித்தவர்கள் குறைவு.

ஒரு விலை சொன்னேன்.

“என்னப்பா, விறகு விலை சொல்ற?”

ஏற்றினேன். உதட்டைப் பிதுக்கினார். இன்னும் ஏற்றினேன். சுவரைப் பார்த்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“சார், சனியன்னு நீங்களே சொல்றீங்க. சனியனுக்கு இதுக்கு மேல ஊர்ல எவனும் தரமாட்டான். குடுக்க மனசு இருக்கா, இல்லையா?”

“பொருளைப் பிரிச்சே பாக்கல, அதுக்குள்ள விலை சொல்ல வந்துட்டான்!”

அது நியாயம்தான். போர்வையை விலக்கி மேஜையில் கிடத்தினேன். திருகுகள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. பக்கவாட்டை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினேன்.

“வயர் சொருகற சாக்கெட் மரத்தோட பிஞ்சு வந்திருக்கு. வாசிச்சுக்கிட்டு இருக்கும்போதே எவனோ வயரைப் பிடிச்சு வெடுக்குன்னு இழுத்திருக்கான். எந்தப் பாவி சார் இது?”

அந்த அம்மா தரையைப் பார்த்தார். அவர் வாசலைப் பார்த்தார்.

கழுத்துப் பகுதியைத் துடைத்தேன். துணி பாதியில் நின்றது.

“அம்மா, யாரு இதை வாசிக்கிறது?”

“யாரும் இல்லையே. அவன் போனதோட சரி.”

“கம்பி ஆறும் புதுசா இருக்கே. அதோட இங்க பாருங்க.” குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் என்ற உலோகப் பட்டைகளைக் காட்டினேன். மற்றதெல்லாம் கறுத்துக் கிடக்க, ஐந்தாறு இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. “இது பழைய தேய்மானம் இல்லை. யாரோ இப்பவும் வாசிக்கிறாங்க. அடிக்கடி. அதே இடத்துல.”

“வீட்ல நாங்க ரெண்டே பேருதானே? சத்தமே கேட்டதில்லையே!”

“இது எலெக்ட்ரிக் கிதாரும்மா. கரண்ட் இல்லாம வாசிச்சா பக்கத்து ரூமுக்குக்கூடக் கேக்காது.”

“எலி ஓடியிருக்கும்” என்றார் அவர்.

“எலி புதுக் கம்பி வாங்கி மாட்டிட்டு ஓடுச்சா சார்?”

தேய்ந்திருந்த இடங்களில் ஒவ்வொன்றாக விரலை வைத்துத் தட்டிப் பார்த்தேன். பாட்டு மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

“அப்படி இல்லைய்யா!”

கிதாரை என் கையிலிருந்து பறித்தார். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவருடைய தடித்த விரல்கள், பார்க்காமலேயே அந்தந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தன.

காதோடு ரகசியம் பேசுகிற அளவுக்குத்தான் சத்தம். தெருவில் போன லாரி அதையும் பாதி தின்றுவிட்டது. மெல்ல ஏறியது, ஒரு இடத்தில் தயங்கியது, மேலே போகப்போகிறது என்று நினைக்கும்போது சட்டென்று நின்றது. மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். அதே இடத்தில் மறுபடியும் நின்றது.

“அப்புறம் சார்?” என்றேன் என்னையும் அறியாமல்.

“தெரியாது.”

“தெரியாதுன்னா?”

“அவனே போட்ட பாட்டு. வீட்டை விட்டுப் போன அன்னிக்கு இது வரைக்கும்தான் வாசிச்சான்.” பிய்ந்த மரத்தை விரலால் தடவினார். “அதுக்குள்ள நான் வயரைப் புடுங்கிட்டேன்.”

அந்த அம்மா ஸ்டூலுக்கு அருகே வந்தார். “நான் அக்கா வீட்டுக்குப் போனப்பல்லாம் கதவைச் சாத்திக்கிட்டு இதைத்தான் பண்ணிக்கிட்டு இருந்தீங்களா?”

அவர் தலையை நிமிர்த்தவில்லை. “விக்க வேண்டாம்ப்பா. சத்தம் வர்ற மாதிரி மட்டும் பண்ணிக் குடு.”

“பண்ணிடலாம் சார். ஆனா பாட்டோட மீதி என் கடையில கிடைக்காது.”

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கைப்பையிலிருந்து போனை எடுத்து ஒரு பட்டனை அழுத்தி, கணவரின் காதில் வைத்து அழுத்தினார்.

“பையனுக்கு ரிங் போகுது. வழக்கம் போல என் கையில குடுத்துட்டு நகராதீங்க. கெடுத்தது நீங்க. நீங்களே பேசிச் சரி பண்ணுங்க!”