மாம்பழ வாசம் வேண்டாம்

மூன்று சிறு போத்தல்களையும் திறந்து, ஒவ்வொன்றாக என் மனைவி கமலநாயகியின் மூக்கருகே பிடித்தேன்.

உள்ளே காய்ந்த கஞ்சாப் பூக்கள். அவளுடைய நோவுக்கென்று டொக்டர் எழுதித் தந்தவை. ஆனால் ‘கஞ்சா’ என்ற சொல்லை வீட்டில் எடுக்க அவள் விடமாட்டாள். கோயிலில் யாராவது கேள்விப்பட்டால் மானம் போய்விடுமாம். டொக்டரே ரெசெப்ட் சீட்டில் பூ என்றுதான் எழுதியிருக்கிறார், உங்களுக்கு மட்டும் வாய் ஏன் நீளுது என்பாள்.

பூவின் வாசத்தில்தான் விஷயமே இருக்கிறது என்று மருந்துக்கடை வெரோனிக்கா பொறுமையாக விளக்கியிருந்தாள். அந்த வாசத்துக்கு டெர்பீன் என்று பெயராம். ஒன்று தேசிக்காய் போலப் புளிப்பாக மணக்கும், ஒன்று மிளகு. மற்றதில் மாம்பழத்தில் இருக்கும் அதே சங்கதி, மிர்சீன். கிழமைக்கு ஒன்றாக, ஏழேழு நாள் பாருங்கள், உடம்புக்கு ஒத்து வருவதையே தொடரலாம் என்றாள்.

நாளைக்கு அவளிடம் பதில் சொல்ல வேண்டும்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தேசிக்காய்க் கிழமை முழுக்கக் கமலநாயகி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். இடது கால்விரல்களை யாரோ குறட்டால் திருகுகிறார்கள் என்று கத்தினாள். மிளகில் நோ பாதியாகக் குறைந்தது, அவ்வளவுதான்.

மாம்பழம் வந்த பிறகுதான் இந்த வீட்டுக்குள் நித்திரை வந்தது. அந்தச் சின்ன மெசினில் பூவைச் சூடாக்கி ஆவியை இரண்டு இழுப்பு இழுத்தாள். ஜெர்மனியின் இந்தக் கொலோன் நகரத்தில் எப்போதாவது எறிக்கும் வெயில் முகத்தில் விழ, வாயைத் திறந்தபடி உறங்கிப்போனாள். தெருவில் ட்ராம் போவதுகூடத் தண்ணீருக்கு அடியில் போவது போலக் கேட்டது. அறை முழுக்க ஒரு பழுத்த மணம். நானும் கொஞ்சம் மிதந்தேனோ என்னவோ. சந்தோஷத்தில் அழுதேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அழுதேன்தான்.

இப்போது அவள் மாம்பழப் போத்தலை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

“மிளகையே எடுப்பமப்பா.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“உனக்கென்ன விசரே? மாம்பழத்திலைதானே நோவில்லாமல் கிடந்தனீ?”

அவள் யன்னலைப் பார்த்தாள். காலையில் இழுத்த மிளகின் மயக்கம் இன்னும் கண்ணில் இருந்தது. பேச்சு மெல்ல மெல்ல வந்தது.

“ஓம், ஒண்டுமே இல்லாமல்தான் கிடந்தது. நோகேக்கை விரல் அஞ்சும் தெரியுது. ஆட்டிக்கூடப் பாக்கிறன். மாம்பழத்தை இழுத்தா அதுவும் போயிடுது. எனக்கு அது ஏலாதப்பா.”

நான் கட்டிலைப் பார்த்தேன்.

போர்வை அவளுடைய இடது முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. நீரிழிவு என்கிற சீனி வருத்தம் தின்ற காலை மாசி மாதம் ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்தோம். அன்றைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் இவள். என்ன நெஞ்சழுத்தம் என்று ஊரே பேசியது, நானும்தான்.

“சரி, மிளகெண்டே சொல்லுறன்,” என்றேன்.

பிறகு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, வெறும் விரிப்பின் மேல், பாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தை மெதுவாக அமுக்கினேன்.

“இஞ்சையோ?”

“இன்னும் கொஞ்சம் கீழை,” என்றாள் கண்களை மூடிக்கொண்டு.