முந்நூறு பேருக்குச் சென்ற கணிப்பு

செஞ்சி விற்பனைக்கூடத்தில் நெல்மூட்டை வைக்க இடமில்லை. டிராக்டர்கள் திண்டிவனம் சாலைவரை வெயிலில் நிற்கின்றன. மூட்டைகளுக்கிடையே மடிக்கணினியோடு, உழவர்களுக்கு நெல்விலையைக் கணித்துச் சொல்லும் பார்த்திபன் அமர்ந்திருக்கிறான். அதற்கு அவனிடம் இரண்டு புள்ளியியல் மாதிரிகள் இருந்தன. ஒன்று பழைய விலைகளை மட்டும் பார்ப்பது. மற்றொன்று, கூடத்துக்கு வரும் மூட்டைகளையும் எண்ணுவது. வரைபடத்தில் அழகாகப் பொருந்தியது என்பதற்காக அவன் முதலாவதைத் தேர்ந்தான். திங்களன்று விலை ஏறும் என்று முந்நூறு உழவர்களுக்கு வாட்ஸப்பில் அனுப்பினான். இன்று திங்கள்; முந்நூறு பேரும் வந்துவிட்டார்கள், விலை விழுந்துவிட்டது. "ஏறும்னு சொன்னியே, இன்னா தம்பி இது?" என்கிறாள் சிங்கவரத்துச் சுமலதா. இருபது மூட்டைகள், அவளுடைய ஒரு போகம் முழுவதும், அவள் பின்னால் கிடக்கின்றன. "மாடல் கரெக்ட்டுதான்க்கா. நீங்கதான் எல்லாரும் ஒரே நாள்ல வந்துட்டீங்க." வரச்சொன்னவன் வாய் கூசாமல் இதைச் சொல்கிறான்! "இந்த வெலைக்கு நான் குடுக்கமாட்டேன். நாளைக்கு மறுபடி ஏலத்துல வெச்சிக்கிறேன்" என்கிறாள் அவள். உழவருக்கு அந்த உரிமை உண்டு. பார்த்திபனோ இன்றைய விலையை அதே மாதிரியில் இடுகிறான். நாளை இன்னும் இறங்கும் என்கிறது அது. அதையும் அனுப்புகிறான். முற்றமெங்கும் கைப்பேசிகள் ஒன்றாய் ஒலிக்கின்றன. உழவர்கள் விற்பனைக்கு ஒப்பமிடும் சன்னலை நோக்கி முண்டியடிக்கின்றனர். எடைமேடையருகே நெல் வியாபாரி கைப்பேசியில் மெல்லப் பேசுகிறார்: "இன்னிக்கே மொத்தத்தையும் புடிச்சிடு. நாளைக்கு மூட்டையே வராது, வெல ஏறிடும்." அவர் முதுகுக்குப் பின்னால், வரிசையில் நின்று, சுமலதா கையெழுத்திடுகிறாள்.